ஹெல்த் இன்ஸ்பெக்டர் மகள் சொன்ன பொய்

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியையும் பார்க்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் மகள் ஜெனிட்டாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

“பாப்பா, நீ சொல்லு. வீட்டுல யாராவது சிகரெட் குடிப்பாங்களா?”

ஜெனிட்டாவுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு நாளாக இளைப்பு. மூச்சுக்கு மூச்சு தோள்பட்டைகள் ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பழைய ஆர்மோனியத்தை வாசிக்கத் தெரியாதவர் அழுத்துவதுபோல நெஞ்சுக்குள் ஒரு சத்தம். அந்த அறையில் மருந்துக் கம்பெனி காலண்டர் ஒன்றும், ஒரு காது பிய்ந்த கரடி பொம்மையும், பினாயில் வாசனையும் இருந்தன. எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்ப்பதற்கு வேறு இடம் இல்லாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் சொல்வதற்கு முன் அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதற்கு வருகிறேன். அதற்குமுன் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் கொசு மருந்து அடித்த கதையைப் படித்துவிட்டு, என்னை ஏதோ கடமை வீரன் என்று நினைத்து இரண்டு வாசகர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள். அந்த நினைப்பை வளரவிடுவது நல்லதில்லை.

பெயரில் மட்டும் ஆரோக்கியம்

என் பெயர் ஆரோக்கியசாமி. உத்தியோகம் சுகாதார ஆய்வாளர். ஊர் வாயில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். என் மேசையில் கிடந்த பல வேலைகளில் புகையிலைக் கட்டுப்பாடும் ஒன்று. பொது இடத்தில் புகை பிடிப்பவர்களுக்கு அபராதம் எழுதுவது, டீக்கடைகளில் ‘இங்கே புகை பிடிக்காதீர்’ போர்டு மாட்ட வைப்பது, சாணார்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு நோட்டீஸ் வாசிப்பது.

நான் நன்றாக வாசிப்பேன். கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகிய குரல். ‘பெரியவர்கள் விடும் புகை குழந்தைகளின் நுரையீரலைப் பாதிக்கிறது. அது துணியில், தலைமுடியில், சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்’ என்று நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தால், பூக்கட்டிக்கொண்டிருக்கிற பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கூட்டம் முடிந்ததும் ஜீப்புக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட் பற்ற வைப்பேன். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறையாது.

சிகரெட் பெட்டியில் பயங்கரமான படம் அச்சடிக்க ஆரம்பித்தார்களே, அந்தச் சட்டத்தை வரவேற்று ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். கடையில் போய், “அந்தப் படம் வேண்டாம், கொஞ்சம் பார்க்கிற மாதிரிப் படம் போட்ட பெட்டி இருந்தா குடுங்க” என்று கேட்டதும் நான்தான்.

இதில் என் வளர்ப்பையும் கொஞ்சம் குறை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் திண்டுக்கல்லே ஒரு காலத்தில் சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர் போன ஊர். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்குச் சிகரெட் வாங்கிவர வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற பையனைத்தான் அனுப்புவார்கள். அந்தப் பதவிக்கு நானும் இன்னொருவனும் போட்டி போட்டோம். நான் ஜெயித்தேன். வீட்டில் போய்ச் சொன்னபோது பெருமைப்பட்டார்கள். பஸ்ஸில் டிரைவர் பீடி குடிப்பார். காய்ச்சலுக்குப் போனால், டாக்டரே வாயில் புகைகிறதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நம்மை வாயைத் திறக்கச் சொல்வார். குழந்தையைக் காப்பாற்றுவது என்றால் கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பூனை நாடு கடத்தப்பட்டது

ஜெனிட்டாவுக்கு முதலில் சளி என்றார்கள். பிறகு அடிக்கடி இருமல். ஒரு மழைக்காலத்தில் இளைப்பு வந்து, நாகல் நகரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து அந்தக் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். நடு வயது அம்மா, அதிகம் பேசாதவர். நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்: வீட்டில் யாருக்காவது சிகரெட் பழக்கம் உண்டா?

நான் யோசிக்கவே இல்லை. “இல்லைங்க” என்று சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். “நான் ஹெல்த் டிபார்ட்மென்ட்” என்று சேர்த்துக்கொண்டேன். அவர் மரியாதையோடு தலையை ஆட்டி, ‘புகை இல்லை’ என்று எழுதினார்.

என் மனைவி பிலோமினா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனால்கூட உண்மை வெளிவரும் வரை மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்க விடமாட்டாள். அன்றைக்கு அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

வீட்டில் நான் புகைப்பது மாடிப்படியில். மூன்றாவது படி என் இடம். புகை மேலே போகும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் படிக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் ஜெனிட்டா உட்கார்ந்து படிப்பாள்.

டாக்டரம்மா கொடுத்த மருந்தில் கொஞ்சம் தேவலையானது. மறுபடி வந்தது. மறுபடி போனோம். புகை இல்லை என்று எழுதியாகிவிட்டதால், வேறு எது என்று தேடினார். சாம்பிராணியா? நிறுத்தினோம். இலவம் பஞ்சுத் தலையணையா? மாற்றினோம். கொசுவர்த்திச் சுருளையும் முகப் பவுடரையும் ஒரே நாளில் வீட்டை விட்டு அனுப்பினோம். ஜன்னல் திரைகளைக் கழற்றி வெந்நீரில் போட்டு அலசினாள் பிலோமினா. நானும் ஆர்வமாக அலசினேன். களைப்பாக இருந்தது. மூன்றாவது படிக்குப் போய்விட்டு வந்தேன்.

கடைசியில் பூனை மேல் சந்தேகம் வந்தது. ராணி என்று பெயர். வெள்ளையில் மஞ்சள் திட்டு. ஜெனிட்டா வீட்டுப்பாடம் எழுதும்போது நோட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். பூனை முடி ஆகாதாம், வேறு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்றார் டாக்டரம்மா. பிலோமினாவின் தம்பி சாணார்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, பழக்கூடையில் பூனையைப் போட்டு மேலே துண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஜெனிட்டா அழவில்லை. அழுதால் இளைப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள்.

நான் அவள் தலையைத் தடவி, “எல்லாம் உன் உடம்புக்காகத்தான்மா” என்றேன். அன்றைக்கு என்னை யாராவது ஓங்கி ஒன்று விட்டிருந்தால் அது நியாயம்.

பூனை போய் ஒரு மாதம் ஆனது. இருமல் போகவில்லை.

நூறு கஜம்

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக்கூடாது என்கிற சட்டத்தைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி மேலிடத்தில் விரட்டினார்கள். சட்டம் பல வருஷமாக இருந்ததுதான். எங்கள் பக்கம் அது தூங்கிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா படித்த பள்ளியிலிருந்தே ஆரம்பித்தேன். கேட்டிலிருந்து டேப் பிடித்தோம். ஒரு முனையில் எங்கள் களப்பணியாளர், மறுமுனையில் நான். தலைமையாசிரியை சிஸ்டர் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். டேப் சின்னது. மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்து அளந்துபோனால், நூறு கஜத்துக்கு இன்னும் பத்தடி இருக்கும்போதே பாண்டியம்மாவின் பெட்டிக்கடை வந்துவிட்டது.

பாண்டியம்மாவுக்கு அப்போது ஐம்பது இருக்கும். கணவர் போனபிறகு அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். முதலில் டேப்பைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். வளைந்து வளைந்து வருகிற ரோட்டை நீங்கள் நேராக அளந்துவிட்டீர்கள் என்றார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அடித்துவிட்டேன். உண்மையில் அதை நான் சரியாகப் படித்ததில்லை. பிள்ளைகளுக்குத் தான் ஒருநாளும் பீடி சிகரெட் விற்றதில்லை என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். பெரியவர்கள் வாங்கிக் கடை வாசலிலேயே ஊதுகிறார்கள், பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகள் அந்தப் புகைக்குள் நடந்து போகிறார்கள், அதற்குத்தான் சட்டம் என்று என் பூசைக் குரலில் விளக்கினேன். சிஸ்டர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

பாண்டியம்மா பீடிக்கட்டுகள் அடுக்கியிருந்த பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“சரி சார். இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துர்றேன். சாயந்தரம் பாப்பாவக் கூட்டிட்டுப் போறப்ப வாங்குவீங்கல்ல, உங்களுக்கு மட்டும் ஒரு பாக்கெட்டு எடுத்து வைக்கவா, வேணாமா?”

களப்பணியாளர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுருட்டியிருந்த டேப் அது. சிஸ்டர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி, வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

பாண்டியம்மா சொன்னபடியே செய்தார். பீடிக்கட்டுகள் இருந்த பலகையில் ஆயக்குடிக் கொய்யாவை அடுக்கி, நாலாகக் கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் கொடுத்தார். பழைய வியாபாரத்தில் பாதிதான், ஆனால் பிள்ளைகள் மொய்க்கிறார்கள் என்று பிறகொரு நாள் சொன்னார். ஊரில் சட்டத்தால் உடனடியாக உடற்பயிற்சி கிடைத்தது எனக்குத்தான். சிகரெட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டியதாகிவிட்டது.

அதே மாதம் பள்ளியில் புகையிலை ஒழிப்பு பற்றிப் பேச்சுப் போட்டி. ஜெனிட்டா பெயர் கொடுத்துவிட்டு வந்து, எழுதித் தரச் சொன்னாள். என் நோட்டீஸிலிருந்து நல்ல நல்ல வரிகளாக எடுத்து எழுதிக் கொடுத்தேன். எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவள் ஜன்னலுக்குள் இருந்தபடி நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்பா விடும் புகை பிள்ளையின் மூச்சில்’ என்று ஒரு வரி. அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தாள். முதல் பரிசு வாங்கினாள்.

ஆக, அவளுக்கு எல்லாம் தெரியும்.

மறுபடியும் அந்த அறை

இப்போது டாக்டரம்மாவின் அறைக்கு வரலாம். நாலாவதோ ஐந்தாவதோ தடவை. மருந்தைக் கூட்டிக்கொண்டே போயும் இளைப்பு குறையவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்டார்.

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, காற்றை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

“எங்கப்பா... ஹெல்த் இன்ஸ்பெக்டர், டாக்டர். குடிக்கிறவங்களுக்கு... அவங்கதான்... ஃபைன் போடுவாங்க.”

இல்லை என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவள் கொடுத்தது இல்லை என்கிற பதில்தான். இருக்கிற கொஞ்சநஞ்ச மூச்சையும் எனக்காகச் செலவு செய்து கொடுத்த பதில்.

பிலோமினா கைப்பையைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். வகுப்பில் பென்சில் காணாமல் போனால் பார்க்கிற பார்வை.

“நான் குடிப்பேன் டாக்டர்” என்றேன். “பத்து. சில நாள் அதுக்கு மேலயும். வீட்டுல, மாடிப்படியில. வண்டியில இவளக் கூட்டிட்டு வர்றப்பவும் குடிச்சிருக்கேன்.”

என் பூசைக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடினார். நான் திட்டை எதிர்பார்த்தேன். அவர் முதல் நாள் எழுதிய தாளைத் தேடி எடுத்து, ‘புகை இல்லை’ என்பதில் ‘இல்லை’யை மட்டும் அடித்தார். ஜெனிட்டாவுக்கு அப்போதைக்கு மூச்சு சீராக நெபுலைசர் வைக்கச் சொல்லி நர்ஸோடு அனுப்பினார். அவள் போனபிறகு சொன்னார்:

“சார், இவளுக்கு ஆஸ்துமா இருக்கு. நீங்க நிறுத்துனா அதுவே போயிரும்னு நான் சொல்லல. ஆனா நீங்க குடிக்கிற வரைக்கும் நான் எவ்வளவு மருந்து குடுத்தாலும் அது ஓட்டைப் பானையிலதான் ஊத்துறேன். மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பூனையாவது வீட்டுல இருந்திருக்கும்.”

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது பிலோமினாவிடம் கேட்டேன், முதல் நாளே ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று.

“ஒவ்வொண்ணா வெளிய போகப் போக உங்களுக்கே வெக்கம் வரும்னு பாத்தேன். பூனை போறப்பவாவது வரும்னு நெனச்சேன். பூனை போனதுதான் மிச்சம்” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “என் மேலயும்தான் தப்பு. புள்ள மூச்ச வச்சு உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கக் கூடாது” என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிகச் சில தடவை. அதில் அது ஒன்று.

நிறுத்திய லட்சணம்

அன்றோடு விட்டேன் என்று எழுதினால் இந்த அத்தியாயம் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் தடவை பதினொரு நாள். அப்புறம் ஒரு துக்க வீட்டில், இறந்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று பற்ற வைத்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதல். சிகரெட் பெட்டியில் அச்சடித்திருக்கும் உதவி எண்ணைப் பல வருஷமாக மேடையில் சொல்லிவந்தவன், முதல் முறையாக நானே கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகப் பேசினார். என்ன வேலை என்று கேட்டார். மளிகைக்கடை என்றேன். என்னைத் திருத்துவது அவ்வளவு லேசில்லை.

நிக்கோட்டின் சூயிங்கம் மென்றேன். கிராம்பு கடித்தேன். எரிந்து எரிந்து விழுந்ததில் களப்பணியாளர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது முழுசாக விட. ஆனால் அந்த அறையிலிருந்து வந்தபிறகு வீட்டிலோ வண்டியிலோ அவள் பக்கத்திலோ ஒன்றுகூடக் குடிக்கவில்லை. அது ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

ஜெனிட்டாவுக்கு மெல்ல மெல்லத் தேறியது. மழைக்காலத்தில் இன்னமும் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நாளில் மூன்று மாடி ஏறுகிறாள். ராணியைத் திரும்பக் கூட்டிவரப் போனோம். அது தக்காளித் தோட்டத்து எலிகளை விட்டு வர மறுத்துவிட்டது.

சனிக்கிழமை

டாக்டரிடம் உண்மையைச் சொன்ன அன்று எனக்கு உள்ளூர ஒரு சின்னப் பெருமை இருந்தது. மகள் வந்து கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். திரும்பும்போது ஆட்டோவில் அவள் அம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவளாகவே வந்து முன்னால் நின்றாள்.

“நீங்க உண்மையச் சொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணும்பா. நான் சொன்னதுக்கப்புறம் சொன்னீங்க. இப்ப டாக்டர் என்னையப் பொய் சொல்றவளுன்னு நெனப்பாங்க.”



அவள் அந்த வருஷம்தான் கோவிலில் முதல் நற்கருணை, எங்கள் வழக்கில் புதுநன்மை, வாங்கியிருந்தாள். பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் என்றால் அவளுக்கு மிகவும் பொறுப்பான காரியம். விரல்விட்டு எண்ணி, ஒன்றுகூட விடாமல் சொல்லிவிட்டு வருவாள்.

“நாளைக்கி சாமியார்ட்ட இதச் சொல்லணும்” என்றாள். “அப்பாவுக்காகச் சொன்னேன்னு சொல்லலாமா? இல்ல, பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லணுமா?”

என் பெயரைச் சொல்வதற்கு என்னிடமே அனுமதி கேட்கிறாள். இப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். எல்லாவற்றையும் சொல் என்றேன். நானும் வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவிலில் கூட்டம் அதிகமில்லை. வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். அவள் போய் முழங்கால் போட்டு வெகுநேரம் பேசினாள். அப்புறம் நான் போனேன். எத்தனை வருஷமாயிற்று என்பதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. முன்னால் வந்தவளைப் பற்றிச் சாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். சட்டத்தை அவர் என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நான் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது. ஒரு முழு ஜெபமாலை, அதாவது பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, சொல்லச் சொன்னார்.

ஜெனிட்டாவுக்கு மூன்றே மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம். நான் வந்து உட்காருவதற்குள் முடித்திருந்தாள். என்னிடம் ஜெபமாலை இல்லை. புதுநன்மைக்கு வாங்கிய வெள்ளை மணி ஜெபமாலையை எடுத்து, சிக்கலைப் பிரித்து, என் மடியில் வைத்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

நான் ஆரம்பித்தேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. கோவிலில் மின்விசிறி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பக்கத்தில் அவள் மூச்சு சன்னமாகக் கேட்டது. ஒரு கட்டத்தில் கால் மரத்துவிட்டது. போதும் என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அவள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“நாலு பத்துதான்பா ஆச்சு” என்றாள் மெதுவாக. “நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

உட்கார்ந்தேன். மிச்சமிருந்த பத்தையும் சத்தமாகவே சொன்னேன், அவளுக்குக் கேட்கும்படி.